மண் தூற்றிய வீட்டுக்கு ஒரு குடித்தனம்

விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு பிளாட்டில் யாரோ மண்ணை வாரித் தூற்றிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒருவரும் குடிவர மாட்டேன் என்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னவர் அருள்பாண்டி. மஸ்கட்டில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் இருக்கிறோம். அவருக்குச் சொந்த ஊர் சாத்தூர். மைத்துனர் போனில் சொன்ன சங்கதி என்று, வெள்ளிக்கிழமை மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

"சூலக்கரையிலதான். மூணாவது மாடியாம். பச்சைக் கம்பிக் கதவு போட்ட வீடு. நமக்கு என்ன வந்துச்சு, அந்த ரசத்தை இப்படித் தள்ளுங்க."

பச்சைக் கம்பிக் கதவு போடச் சொன்னது நான்தான். ரசத்தைத் தள்ளினேன். சாயங்காலம், என் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் தேவாசீர்வாதத்துக்குப் போன் போட்டேன். வீடு காலியான பங்குனியிலிருந்து அவர் எனக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: சந்தை மந்தமாக இருக்கிறது. அன்று நான் மண் தூற்றிய சங்கதியைக் கேட்டேன்.

"யாரு சொன்னது தம்பி?"

"சாத்தூர்க்காரர் ஒருத்தர்."

"சாத்தூர் வரைக்கும் போயிருச்சா."

"மஸ்கட் வரைக்கும் வந்திருச்சு அண்ணாச்சி."

"ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்," என்றார். "அங்கன தனியா இருக்கீக. தெரிஞ்சா தூங்க மாட்டீக."

அது உண்மைதான்.

தேவாசீர்வாதத்துக்கு அறுபது நெருங்குகிறது. வீட்டுத் தரகர் என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். "நான் சாவி வச்சிருக்கவன்" என்பார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற வீட்டுக்காரர்களின் சாவிகள் அவர் வீட்டு முன்னறைச் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். பழைய காலண்டர்களின் தலையில் இருக்கும் தகரப் பட்டையை வெட்டி, துளை போட்டு, ஒவ்வொரு சாவியோடும் கோத்திருப்பார். தகரத்தில் ஆணியால் கீறிய பெயர் இருக்கும்.

காலண்டர்தான் அவருடைய முந்தைய தொழில். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திருநெல்வேலி, நாகர்கோவில், தென்காசி என்று நகைக்கடை, அரிசி மண்டி, மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார். கடைக்காரர்கள் காலண்டர் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, ஊர் சுற்றியது போதும் என்று வீட்டுச் சாவிக்கு மாறினார். அந்தத் தொழிலில் இருந்து இரண்டு பழக்கங்கள் கூடவே வந்துவிட்டன. ஒன்று, வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் சுமாரான வீட்டைத்தான் காட்டுவார். "ஆல்பத்துல நல்ல படத்தை மொதப் பக்கத்துலயே காட்டினா, அதுக்கு மேல என்ன இருக்குன்னு கேப்பான்." இன்னொன்று, நாள் பார்ப்பது. தினசரித் தாள்களைப் பார்த்துப் பார்த்து விற்றதில் முகூர்த்த நாளும் கரிநாளும் இப்போதும் அவருக்குத் தாள் பார்க்காமலே வரும். ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற வேதக்காரர் அவர். குடிபோகிறவர்கள் அவரிடமே நல்ல நேரம் கேட்பார்கள், சொல்வார். உங்களுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது நான் வித்த சரக்கு தம்பி. விக்கிறவன் எல்லாரும் வாங்கித் திங்கணும்னு இருக்கா?"

அவர் விற்ற இன்னொரு சரக்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் வாடகை வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீரையும் வாடகையையும் பிறகுதான் கேட்பார்கள். முதல் கேள்வி, "முன்னால இருந்தவுக எங்க போனாக?" என்பதுதான். சொந்த வீடு கட்டிப் போனார்கள் என்றால் அது ராசியான வீடு. வேலை மாற்றலாகிப் போனார்கள் என்றால் பரவாயில்லை. இதைவிடச் சின்ன வீட்டுக்குப் போனார்கள் என்று தெரிந்தால் அடுப்படியைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிவிடுவார்கள். தேவாசீர்வாதம் கையால் சாவி வாங்கினவர்கள் சொந்த வீட்டுக்குத்தான் போவார்கள் என்று விருதுநகரில் ஒரு பேச்சு இருந்தது. அதில் பாதிக்கு அவரே காரணம். ஒரு வீட்டைக் காட்டும்போது பக்கத்து வீட்டையும் இழுப்பார். "இங்கன மேல் மாடியில இருக்காரே, அவரு அந்த வீட்டையே வெலைக்கு வாங்கப் போறாரு. அம்புட்டு ராசி."

மேல் மாடியில் இருந்தவர் சிவபாண்டி. என் வீட்டில் வாடகைக்கு இருந்தவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பிள்ளைகளின் படிப்புக்காக விருதுநகரில் குடியிருந்துகொண்டு தினமும் பைக்கில் போய்வந்தார். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். நான் கேட்டதே இல்லை.

போன மாசியில் அந்தக் கம்பெனியில் மருந்து கலக்கும் ஷெட்டில் விபத்து நடந்தது. நான்கு பேர் இறந்தார்கள். லைசென்ஸ் வைத்திருந்தவரைக் காணவில்லை என்றார்கள். சிவபாண்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அடிபட்டவர்களைப் பார்க்க வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். சாமான்களை அவளுடைய அண்ணன் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

இறந்தவர்களில் ஒருவர் மணிமுத்து. அவருடைய காரியம் முடிந்த மறுநாள், அவர் மனைவி வெள்ளைத்தாய் சொந்தக்காரப் பெண்களோடு வேனில் வந்து இறங்கினாள். மூன்று மாடி ஏறினார்கள். கதவு பூட்டியிருந்தது. வெள்ளைத்தாய் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மண்ணை அவிழ்த்துக் கதவில் வீசினாள். பிறகு எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

வாட்ச்மேன் சொல்லி தேவாசீர்வாதம் போனார். அவரே பெருக்கினார். பெருக்கிய மண்ணை ஒரு கேரி பையில் அள்ளிய பிறகு அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் போடக் கை வரவில்லை என்றார். ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தார். அங்கேயே இருந்தது. மார்க்கெட்டுக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அது கூடவே போய்வந்தது.

"நம்ம வேதத்துல இதெல்லாம் இல்லம்பீகளே, அப்ப ரோட்டுல கொட்டுங்க," என்று அவர் மனைவி தேவமணி சொன்னாராம். தேவமணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் மருந்து மாத்திரை வாசம் இருக்கும். நீட்டி முழக்க மாட்டார்.

"வேதத்துல இல்லதான்," என்றாராம் இவர். "கொட்டுறதுக்கும் அதுல ஒண்ணும் சொல்லல."

சந்தை மந்தம் என்று அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. சூலக்கரைப் பக்கம் புதுப் புது அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மதுரையிலிருந்து வந்து அன்றன்றே திரும்பிவிடுகிறார்கள். ஒரே தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'வீடு வாடகைக்கு' பலகை. இப்படிப்பட்ட காலத்தில் வீடு பார்க்க வருகிறவனுக்குக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும்.

ஒரு வங்கிக்காரர் மனைவியோடும் மாமியாரோடும் வந்தார். வழக்கம்போல தேவாசீர்வாதம் முதலில் வேறு இரண்டு சுமாரான வீடுகளைக் காட்டிவிட்டு மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். மாமியார் வாசலிலேயே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மாத்தலாகிப் போயிட்டாக," என்றார் தேவாசீர்வாதம்.

"எந்த ஊருக்கு?"

"மதுரைக்கு."

அவர்களைக் கொண்டுவந்து கூடவே மாடி ஏறியிருந்த ஆட்டோக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி, "மதுரை செண்ட்ரலுக்கு," என்றார். செண்ட்ரல் என்றால் மத்தியச் சிறை என்று எல்லோருக்கும் தெரியும். மாமியார் படியிறங்கினார்.

அதன் பிறகு தேவாசீர்வாதம் செய்த காரியம் நிலைமையை இன்னும் கெடுத்தது. வீட்டைப் பற்றிய பேச்சைத் துடைக்க வேண்டும் என்று தன் சபையின் ஜெபக்குழுவை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்தார். பாய் விரித்து, பாட்டுப் பாடி, உருக்கமாக ஜெபம் செய்தார்கள். டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பினார். வேதக்காரர்கள் புதுவீட்டில் செய்வதுதான். ஆனால் கட்டடத்தில் இருந்தவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் இல்லாமலா இத்தனை பேர் வந்து ஜெபம் பண்ணுவார்கள்? உள்ளே ஏதோ இருக்கிறது, அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். மண் சங்கதி அடுத்த வாரம் சாத்தூர் வரை போனது இதனால்தான்.

பிறகு சாவிகள் போக ஆரம்பித்தன. சிங்கப்பூர்க்காரர் தம்பியை அனுப்பி வாங்கிக்கொண்டார். கோயம்புத்தூர் வீட்டுக்காரர் போனிலேயே பேசினார்: ஒங்க ராசி இப்பச் சரியில்ல அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. சுவரில் வெறும் ஆணிகள் தெரிந்தன. கட்டடத்தில் இரண்டு வீடு வைத்திருக்கும் காசிராஜன் என்ற கோவில்பட்டிக்காரர் மட்டும் தவணை கொடுத்தார். ஆடி பிறந்தால் ஒரு மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் மூன்றாம் மாடியில் பால் காய்ச்சிவிட்டால் சாவி உங்களிடமே இருக்கட்டும். இல்லையென்றால் ஆள் அனுப்புகிறேன்.

"அவரும் வாங்கிட்டாருன்னா மத்தவுக ஒவ்வொருத்தரா வருவாக," என்று தேவாசீர்வாதம் என்னிடம் சொன்னார். "அப்புறம் நான் யாருன்னு கேட்டா என்ன சொல்ல? காலண்டர்க்காரன்னு சொல்லவும் முடியாது. அதுவும் போச்சு."

வாடகையை வேண்டுமானால் குறைப்போம் என்றேன்.

"கொறைச்சா இன்னும் பயப்படுவாக தம்பி."

யோசனை சொன்னது தேவமணி. "மண்ணைப் போட்டவகிட்டப் போய்ப் பேசுங்க. ஊரெல்லாம் பேசுறீக, அவகிட்ட மட்டும் பேசல." இருவரும் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். தேவாசீர்வாதம் சொன்னதில் அவர் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தார். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளைத்தாய் வீட்டுக்கு முன்னால் மிளகாய் வத்தலைக் காயப்போட்டு, வெளிறிப்போன சோடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தாள்.

"விருதுநகர்லருந்து வாரோம் தாயி," என்றார் தேவாசீர்வாதம். "சூலக்கரை வீட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க வந்துட்டுப் போனீகளே, அந்த வீடு."

"கேஸு குடுக்கப் போறீகளா?"

"சேச்சே. வீடு பூட்டியே கெடக்கு. ஒருத்தரும் வர மாட்டேங்காக. அதான்..."

"கெடக்கட்டும்," என்றாள் வெள்ளைத்தாய். "வேலைக்குப் போன மனுசன் எங்க வீட்டுக்குத் திரும்பி வரல. ஒங்க வீட்டுக்கு ஆளு வரலைன்னு சொல்லுறதுக்கு பஸ் ஏறி வந்திருக்கீகளாக்கும்."

தேவமணி வேப்ப நிழலில் போய் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா, வெயில் தாங்கல," என்றார். தண்ணீர் கேட்டவர்களை விரட்ட முடியாது. வெள்ளைத்தாய் செம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சிவபாண்டி வீட்டுக்கு நீங்க எதுக்கு அலையுறீக? சொந்தக்காரவுகளா?"

"அது அவரு வீடு இல்லம்மா," என்றார் தேவமணி. "வாடகைக்கு இருந்தாரு. வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காரு."

வெள்ளைத்தாய் நம்பவில்லை. "வாடகை வீடா? அந்தாளு பிளாட்டை வெலைக்கு வாங்கிட்டான்னுல்ல கம்பெனி பூராப் பேசுனாக. வெளக்குமாத்துக்குக்கூட மாத்து இல்லாத ஷெட்டுல எங்க ஆளுகளை ஒக்கார வச்சுட்டு, மூணு மாடி ஏறிப் போயி வீடு வாங்கியிருக்கான்னு வயிறு எரிஞ்சுல்ல போட்டேன்."

"அப்படி யாரு சொன்னது?"

"வேன் டிரைவரு. அவனுக்கு விருதுநகர்ல வீடு பாக்கப் போன எடத்துல யாரோ தரகர் சொன்னாராம். அந்த வீட்டுல இருக்கவரு அதையே வாங்கப் போறாரு, அம்புட்டு ராசின்னு."

தேவமணி கணவரைப் பார்த்தார். அவர் வத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது தேவாசீர்வாதம் குரலை மாற்றவில்லை. "அந்தத் தரகர் நான்தான்னு சொன்னேன் தம்பி," என்றார். "சொல்லாம இருந்திருந்தா இவ சொல்லியிருப்பா."

வெள்ளைத்தாய் காலிச் செம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு வீட்டைத் தள்ளிவிட இம்புட்டுப் பேசுவீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"பேசித்தான் தாயி பொழப்பு."

"நல்ல பொழப்பு."

அவள் மகள் முத்துமாரி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மதியம் போனால் வர ராத்திரி ஆகிவிடுகிறது, கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான் என்று வெள்ளைத்தாய் சொன்னாள். டவுனில் ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று அலைந்திருக்கிறார்கள். போன இடமெல்லாம் வீட்டில் ஆம்பளை யார் என்று கேட்டார்களாம். இல்லை என்றதும், எப்படி இறந்தார் என்று கேட்டார்களாம். பட்டாசு என்றதும் வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டதாம்.

"அப்ப அங்கயே வாங்களேன்," என்றார் தேவமணி.

"எங்க?"

"சூலக்கரைக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் இருக்கு."

"நான் மண்ணைப் போட்ட வீட்டுக்கு நானே குடிவாரதா? நல்லாருக்கே."

"போட்ட கையை அது ஒண்ணும் செய்யாது தாயி," என்றார் தேவாசீர்வாதம்.

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுறேன்."

"இதுவும் பொழப்புப் பேச்சா?" என்றாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது என்று தேவமணி சொன்னார். தேவாசீர்வாதம் அதைக் கவனிக்கவில்லையாம்.

கிளம்பும்போதுதான் வெள்ளைத்தாய் அதைக் கேட்டாள். "அந்த மண்ணை என்ன செஞ்சீக?"

"வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீகளா? எங்க?"

"ஸ்கூட்டர் பெட்டியில. எங்க போடன்னு தெரியல."

அவள் வத்தல் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "அது அவரு கடைசியா நின்ன எடத்து மண்ணு," என்றாள். "ஷெட்டுக்குள்ள போக விட மாட்டேன்னாக. கம்பிக்கு வெளியருந்து கையை விட்டு அள்ளினேன். கோவத்துல எல்லாத்தையும் வீசிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அங்கன சுத்தி வேலி போட்டுட்டாக." பிறகு, "அதைக் கொட்டிராதீக," என்றாள்.

குடிவருவதானால் என்று அவள் வைத்தது ஒரே நிபந்தனை. கூட்டம் கூட்டக்கூடாது. மண்ணைப் போட்டவளே வந்து பால் காய்ச்சிவிட்டாள் என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. தேவாசீர்வாதம் சரி என்றார். ஊருக்குத் தெரிந்தால்தான் அவருக்குப் பயன். இருந்தும் சரி என்றார். ஆனி கடைசி முகூர்த்தத்தை அங்கேயே, தாள் பார்க்காமல், சொன்னார். மகளிடம் கலந்து பேசிக்கொள்கிறேன், வந்தால் நேரே சூலக்கரைக்கு வந்துவிடுவேன், அன்று காலையில் போன் பண்ணுங்கள் என்று வெள்ளைத்தாய் நம்பர் கொடுத்தாள்.

எனக்கு அன்று இரவே போன் வந்தது. பிளாட் அசோசியேஷனில் யாராவது தடை சொல்வார்களா என்று கேட்டேன். கேஸ் நடக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். பிறகு, அசோசியேஷனைப் பற்றியே மறுபடியும் கேட்டேன். தேவாசீர்வாதம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சரின்னு சொல்லவா தம்பி?" என்றார். சரி என்றேன்.

இன்று அந்த முகூர்த்த நாள். தேவமணி தன் போனில் வீடியோ கால் போட்டு அடுப்படி மேடையில் சாய்த்து வைத்திருக்கிறார். மஞ்சள் பூசிய புதுச் சட்டி, பால் பாக்கெட், கொஞ்சம் சீனி. ஒற்றை பர்னர் அடுப்பைத் தங்கள் வீட்டிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். ஜன்னல் திட்டில் அந்தக் கேரி பை, வாய் முடிந்து வைத்தபடி இருக்கிறது. காசிராஜனின் ஆள் கீழே வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று தேவமணி மெல்லச் சொன்னார்.

தேவாசீர்வாதம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோயிலுக்குப் போகும் சட்டை. தன் போனை ஸ்பீக்கரில் வைத்து, அவள் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. முழுவதும் அடித்து நின்றது.

"பஸ்ஸுல இருப்பா," என்றார். "சத்தத்துல கேக்காது."

"மக நம்பருக்குப் போடுங்க," என்றார் தேவமணி.

"அது வாங்கல."

"எல்லாருக்கும் நல்ல நேரம் சொல்லுவீக. ஒரு நம்பர் வாங்கத் தெரியல."

அவர் ஜன்னல் பக்கம் போய்க் கீழே ரோட்டைப் பார்த்தார். டவுன் பஸ் ஒன்று வந்து நின்று போகும் சத்தம் எனக்கும் கேட்டது. திரும்பி வந்தார்.

"நேரம் இருக்கா அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு தம்பி. இன்னும் கொஞ்சம் இருக்கு."

பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். வெட்டாமல் திரும்ப வைத்தார். மறுபடியும் அவள் நம்பரை அழுத்திப் போனை மண் பைக்குப் பக்கத்தில் வைத்தார். காலி வீடு என்பதால் மணிச் சத்தம் நான்கு சுவரிலும் பட்டுப் பெரிதாகக் கேட்டது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடித்துக்கொண்டிருக்கிறது.